கேள்வித்தாள் மாறாமல் வகுப்பறை மாறாது

சிந்திக்கக் கற்றுத்தரும் முறைகள் நமக்குப் புதியவை அல்ல. செயல்வழிக் கற்றலில் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்நாட்டுப் பள்ளிகள் அவற்றைக் கையாண்டு வருகின்றன. ஆனாலும் பத்தாம் வகுப்பு வந்ததும் எல்லாரும் மனப்பாடத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஏன்?

'குடவோலை முறை பற்றிக் குறிப்பு வரைக.'

தமிழ்நாட்டில் பள்ளி முடித்த எவரும் இந்தக் கேள்வியைச் சந்திக்காமல் வந்திருக்க முடியாது. விடையும் பலருக்கு மறந்திருக்காது. உத்திரமேரூர்க் கல்வெட்டு, முதலாம் பராந்தகன் காலம், ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போடுவது, சிறுவன் ஒருவனை விட்டு எடுக்கச் சொல்வது. நான்கைந்து வரி எழுதினால் மதிப்பெண் வந்துவிடும்.

அதே கல்வெட்டை வைத்து வேறொரு விதமாகவும் பாடம் நடத்தலாம். கி.பி. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, சபை உறுப்பினராக யார் நிற்கலாம் என்று விவரமாகச் சொல்கிறது. வரி கட்டும் நிலம் கால் வேலி அளவுக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் கற்றிருக்க வேண்டும். இந்த நான்கையும் கரும்பலகையில் எழுதிவிட்டு ஆசிரியர் கேட்கிறார்: "உங்க தெருவுல யார் யார் பேரைக் குடத்துல போடலாம்?"

வாடகை வீட்டுக்காரர் முதலில் விழுவார். நிலமில்லாதவர் அடுத்து. வேதம் கற்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு வந்ததும் கிட்டத்தட்ட மொத்தத் தெருவும் காலி. "அப்ப பொம்பளைங்க?" என்று ஒரு பெண் கேட்பாள். அங்கே நிறுத்தாமல் ஆசிரியர் கல்வெட்டின் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறார். பதவியில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது. இந்த விதி இன்றைக்கு இருந்தால் எத்தனை பேர் தேறுவார்கள்? இப்போது கடைசிக் கேள்வி: இதை மக்களாட்சி என்று சொல்லலாமா? உன் பதிலுக்குக் கல்வெட்டிலிருந்தே சான்று காட்டு.

இதற்கு ஒரே விடை கிடையாது. 'ஆம்' என்றும் எழுதலாம், 'இல்லை' என்றும் எழுதலாம். ஆனால் சும்மா எழுத முடியாது. உத்திரமேரூர் பிராமணர்களுக்கு வழங்கப்பட்ட ஒரு சதுர்வேதிமங்கலம் என்பது தெரிந்திருக்க வேண்டும். எல்லா ஊர்ச் சபைகளும் இப்படித்தான் இயங்கினவா என்ற சந்தேகம் வர வேண்டும். திறனாய்ந்து சிந்திப்பது என்று கல்வியாளர்கள் சொல்வது இதைத்தான். எதையும் எதிர்த்துப் பேசுவது என்று அதற்குப் பொருள் இல்லை. கையில் உள்ள சான்று எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை, அதை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்று எடைபோடப் பழகுவதுதான் அது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த இரண்டாவது விதமாகப் பாடம் கேட்ட பிள்ளைக்குக் கால் வேலியும் 35 வயதும் தனியாக மனப்பாடம் செய்யாமலே நினைவில் நிற்கும். அவற்றை வைத்துத்தான் அவள் தன் தெருவையே அளந்தாள்.

ஹார்வர்டிலும் அதே கதை

மனப்பாடம் ஏழை நாட்டு வியாதி என்று நினைத்தால் தவறு. எரிக் மாசூர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். நன்றாக நடத்துகிறார் என்று மாணவர்களிடம் பெயர் வாங்கியவர். கடினமான கணக்குகளையெல்லாம் அவருடைய மாணவர்கள் போட்டுவிடுவார்கள். விசை பற்றிய அடிப்படைப் புரிதல் கல்லூரி மாணவர்களிடம் எவ்வளவு பலவீனமாக இருக்கிறது என்று காட்டிய ஓர் ஆய்வுக் கட்டுரையை 1990இல் அவர் படித்தார். தன் மாணவர்கள் அப்படி இருக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் அவர்களையும் சோதித்துப் பார்த்தார்.

அந்த வகைச் சோதனைகளில் வரும் கேள்விகள் மிக எளிமையானவை. ஒரு லாரியும் சிறிய காரும் மோதிக்கொள்கின்றன. எது எதன் மீது அதிக விசை செலுத்துகிறது? நியூட்டனின் மூன்றாம் விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் மாணவர்கள்கூட 'லாரிதான்' என்று எழுதுவார்கள். இரண்டு விசைகளும் சமம் என்பதுதான் அந்த விதி. விதி நாவில் இருந்தது. உலகத்தைப் பார்க்கும்போது அது உதவிக்கு வரவில்லை. மாசூரின் மாணவர்களும் அவர் எதிர்பார்த்தபடி எழுதவில்லை.

அதன்பின் மாசூர் விரிவுரையைக் குறைத்துக்கொண்டார். ஒரு கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி. ஒவ்வொருவரும் தனியாக யோசித்து விடையைத் தெரிவிக்க வேண்டும். பிறகு பக்கத்தில் வேறு விடை சொன்னவரிடம் பேசி, தன் விடைதான் சரி என்று அவரை ஒப்புக்கொள்ள வைக்கப் பார்க்க வேண்டும். மறுபடி வாக்கெடுப்பு. முதல் சுற்றிலேயே பெரும்பாலோர் சரியாகச் சொல்லிவிட்டால் அடுத்த பாடத்துக்குப் போகலாம். மிகச் சிலரே சரியாகச் சொன்னால் விவாதத்தால் பயனில்லை, ஆசிரியர் மறுபடி விளக்க வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில்தான் பேச்சு பலன் தருகிறது. இப்போதுதான் புரிந்துகொண்ட மாணவனுக்கு, பக்கத்தில் இருப்பவன் எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறான் என்பது தெரியும். பல ஆண்டுகளாக அதையே நடத்தும் பேராசிரியருக்கு அந்த இடம் மறந்தே போயிருக்கும்.

இது ஒருவருடைய அனுபவம் மட்டும் இல்லை. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் ஒரு பகுப்பாய்வு வெளியானது. மாணவர்கள் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்த வகுப்புகளில் சராசரியாக 34 விழுக்காட்டினர் தோற்றார்கள். மாணவர்களைச் செய்யவும் பேசவும் வைத்த வகுப்புகளில் 22 விழுக்காடு.

2019இல் ஹார்வர்டிலேயே நடந்த இன்னோர் ஆய்வு இதைவிடச் சுவையானது. பேச்சும் கேள்வியுமாக நடந்த வகுப்பில் மாணவர்கள் உண்மையில் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் எந்த வகுப்பில் அதிகம் கற்றதாகத் தோன்றுகிறது என்று கேட்டபோது, தெளிவாகச் சொற்பொழிவு நடந்த வகுப்பையே காட்டினார்கள். தானே யோசித்துத் திணறும்போது ஒன்றும் புரியாதது போல் இருக்கும். இன்னொருவர் கோவையாகச் சொல்லக் கேட்கும்போது எல்லாம் புரிந்தது போல் இருக்கும். "சார் சூப்பரா நடத்துறார்" என்று பிள்ளை வந்து சொன்னால் பெற்றோர் கொஞ்சம் நிதானிக்கலாம். சார் நன்றாக நடத்துகிறார் என்பது உறுதி. பிள்ளை கற்றதா என்பது தனிக் கேள்வி.

மரத்தின் எடை எங்கிருந்து வந்தது?

சிந்திக்கச் சொல்லிக்கொடுத்தால் போதும், தகவலெல்லாம் செல்போனில் இருக்கிறது என்று ஒரு வாதம் இப்போது அடிக்கடி கேட்கிறது. அது அரைகுறை வாதம்.

'ஒளிச்சேர்க்கை என்றால் என்ன?' என்ற கேள்விக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளை கடகடவென்று விடை சொல்லும். அதே பிள்ளையிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ஒரு புளியங்கொட்டை டன் கணக்கில் எடையுள்ள மரமாகிறது, அந்த எடை எங்கிருந்து வந்தது? மண்ணிலிருந்து என்பார்கள், தண்ணீரிலிருந்து என்பார்கள். காற்றிலிருந்து என்று சொல்பவர்கள் அபூர்வம்.

பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. பதினேழாம் நூற்றாண்டில் யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட் என்ற பெல்ஜியப் பகுதி அறிஞர், எடைபோட்ட மண்ணை ஒரு தொட்டியில் நிரப்பி வில்லோ கன்று ஒன்றை நட்டார். ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். இரண்டு கிலோவுக்குச் சற்றே அதிகமாக இருந்த கன்று ஏறத்தாழ 77 கிலோ மரமானது. மண்ணில் குறைந்ததோ அறுபது கிராம்கூட இல்லை. ஆக, மரம் முழுவதும் தண்ணீரிலிருந்தே வந்தது என்று முடிவு கட்டினார். சோதனை அருமை, முடிவு பிழை. அவர் கணக்கில் காற்று வரவே இல்லை. அவ்வளவு கூர்மையாகச் சிந்தித்தவரையும் கைவிட்டது, தெரியாமல் போன ஒரு தகவல்தான். தாவரம் காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்கிறது என்பது தெளிவாவதற்கு அதன்பின் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

இந்தக் கதையை வகுப்பில் வைத்து, ஹெல்மான்ட் எங்கே தவறினார் என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொன்னால், ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டுக்கு உயிர் வந்துவிடும். ஆனால் கரியமில வாயு பற்றி எதுவுமே தெரியாத வகுப்பில் இந்தக் கேள்வி வெறும் விடுகதையாக நின்றுவிடும். அமெரிக்க உளவியலாளர் டேனியல் வில்லிங்ஹாம் போன்றவர்கள் வலியுறுத்துவதும் இதையே: சிந்தனைத் திறன் பாட அறிவைவிட்டுத் தனியே நிற்காது. வரலாற்றில் சான்றை அலசத் தெரிந்தவருக்கு மருத்துவச் செய்தியை அலசும் திறமை தானாக வந்துவிடுவதில்லை. எனவே 'சிந்தனைத் திறன் வகுப்பு' என்று வாரத்துக்கு ஒரு பீரியட் ஒதுக்குவதால் ஒன்றும் ஆகாது. கணக்கு பீரியடிலும் தமிழ் பீரியடிலும்தான் அது நடக்க வேண்டும்.

ஹோஷங்காபாத் கற்றுத்தந்த பாடம்

கிராமத்து அரசுப் பள்ளியில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு மத்தியப் பிரதேசத்தில் ஒரு பழைய பதில் இருக்கிறது. 1972இல் ஹோஷங்காபாத் மாவட்டத்தின் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கியது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தை விட்டு வந்த அறிவியலாளர் அனில் சத்கோபால் நிறுவிய கிஷோர் பாரதி அமைப்பும், ரசூலியாவில் இருந்த நண்பர்கள் கிராமிய மையமும் சேர்ந்து எடுத்த முயற்சி அது. 1978இல் மாவட்டம் முழுவதும் பரவியது. 1982இல் உருவான ஏகலவ்யா நிறுவனம் அதைப் பல மாவட்டங்களுக்கு எடுத்துச் சென்றது. தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் வைத்து அறிவியல் பொம்மைகள் செய்யும் அரவிந்த் குப்தாவும் இந்தத் திட்டத்தின் பட்டறையிலிருந்து வந்தவர்தான்.

'பால வைஞானிக்' என்ற அவர்களுடைய பாடநூலில் சோதனைகளும் கேள்விகளும் இருந்தன. விடைகள் இல்லை. பிள்ளைகள் குழுவாகச் சோதனை செய்து, பார்த்ததை எழுதி, வகுப்பில் விவாதித்துத் தங்கள் நோட்டில் முடிவுகளைச் சேர்க்க வேண்டும். பாதிப் பாடநூலைப் பிள்ளைகளே எழுதினார்கள் என்று சொல்லலாம். 'சவாலிராம்' என்ற கற்பனை மனிதருக்குச் சந்தேகங்களைக் கடிதமாக எழுதிப் போட்டால் பதில் வரும்.

இவற்றையெல்லாம்விட அவர்கள் செய்த முக்கியமான காரியம் தேர்வை மாற்றியது. பாடநூலையும் சொந்த நோட்டையும் பிரித்து வைத்துக்கொண்டே எழுதலாம். தனியாகச் செய்முறைத் தேர்வும் உண்டு. புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கும் பிள்ளையிடம் 'வரையறு' என்று கேட்க முடியாது. புதிய சூழலைக் கொடுத்து, இதில் என்ன நடக்கும், ஏன் என்றுதான் கேட்க முடியும். கேள்வித்தாள் அப்படி மாறியதால் ஆசிரியரும் அப்படியே நடத்த வேண்டியிருந்தது. ஆசிரியர்களுக்கு ஆண்டுதோறும் பயிற்சியும் மாதந்தோறும் கூட்டமும் நடந்தன.

முப்பது ஆண்டுகள் நடந்த அந்தத் திட்டத்தை, கல்வியாளர்களும் அறிவியலாளர்களும் எதிர்த்தும், 2002இல் மாநில அரசு மூடிவிட்டது. அதற்குள் அது ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகளை எட்டியிருந்தது. அதன் பெரிய பலவீனமும் நாம் கவனிக்க வேண்டியது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைதான் அது இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் கால் வைத்ததும் பழைய பாடநூல், பழைய தேர்வு.

நம் ஊரில் எங்கே முட்டியது?

தமிழ்நாட்டின் கதையும் அதே இடத்தில்தான் முட்டுகிறது. ஆந்திரத்தின் ரிஷிவேலி பள்ளி கிராமப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய அட்டை வழிக் கற்றலைப் பார்த்து, சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 2003இல் சில மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். 2007 வாக்கில் அது மாநிலத்தின் அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் போனது. பெஞ்சும் நாற்காலியும் விலகின. பாயில் வட்டமாக உட்கார்ந்த பிள்ளைகளோடு டீச்சரும் தரையில் உட்கார்ந்தார். பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் சுவர் நெடுகக் கரும்பலகை வந்தது. கற்றல் ஏணியில் ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் ஏறியது. நடுநிலை வகுப்புகளுக்கு மனவரைபடமும் குழு விவாதமுமாகப் படைப்பாற்றல் கல்வி வந்தது. 2012-13இல் முப்பருவ முறையும் வளரறி மதிப்பீடும் வந்தன.

குறைகள் இல்லாமல் இல்லை. அட்டையை எடுப்பதும் வைப்பதுமே சடங்காகிப்போன வகுப்புகள் உண்டு. வளரறி மதிப்பீடு சில இடங்களில் சார்ட் ஒட்டும் வேலையாகி, கடைக்காரர் வயிற்றை நிரப்பியது. ஆனாலும் ஒரு குழந்தை ஆசிரியரைப் பார்த்துப் பயப்படாமல் பேசலாம் என்ற சூழலை இந்த முயற்சிகள் கொண்டுவந்தன. கேள்வி கேட்டதற்காக அடிபடும் மாணவியைப் பற்றி இரா. நடராசன் எழுதிய 'ஆயிஷா' குறுநாவல் ஏன் இத்தனை ஆசிரியர்களைக் கலங்க வைத்தது என்று யோசித்தால், அந்த மாற்றத்தின் அருமை தெரியும்.

ஒன்பதாம் வகுப்பு தாண்டியதும் எல்லாம் மாறிவிடுகிறது. காலை ஸ்பெஷல் கிளாஸ், மாலை ஸ்பெஷல் கிளாஸ், தினம் ஸ்லிப் டெஸ்ட். புக் பேக் கேள்விகளைக் கரைத்துக் குடித்தால் பாஸ். புளூபிரிண்ட் இருந்த காலத்தில் எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் வரும் என்று தெரியும். அதனால் சில பாடங்களைத் தொடாமலே சென்டம் வாங்க முடிந்தது. ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிய தனியார் பள்ளிகளுக்கு ஊர் முழுக்க மதிப்பு.

இந்தப் பழக்கத்தின் விலை ஒருமுறை வெளியே தெரிந்தது. பதினைந்து வயது மாணவர்களை உலக அளவில் ஒப்பிடும் பிசா தேர்வின் 2009 சுற்றில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் இந்தியாவிலிருந்து கலந்துகொண்டன. பங்கேற்ற 74 நாடுகள், பகுதிகளில் இரண்டும் கடைசி வரிசையில் கிர்கிஸ்தானோடு நின்றன. வாசிப்பில் தமிழ்நாட்டின் சராசரி 337. வளர்ந்த நாடுகளின் சராசரி 493. அந்த ஆண்டுகளில் நம் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி எண்பது விழுக்காட்டுக்கு மேல். அந்தப் பிள்ளைகள் செயல்வழிக் கற்றலுக்கு முன்பே தொடக்கப் பள்ளியில் சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி, இந்தியா அடுத்த சுற்றுகளிலிருந்து ஒதுங்கிக்கொண்டது.

2017இல் மாநில அரசு பொதுத்தேர்வு ரேங்க் பட்டியலை ஒழித்தது. மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான பாடத்திட்டக் குழுவின் வழியே புதிய பாடநூல்கள் 2018 முதல் வந்தன. புளூபிரிண்டும் கைவிடப்பட்டு, பாடத்தின் உள்ளிருந்தும் கேள்விகள் வரத் தொடங்கின. நல்ல நகர்வுகள். ஆனால் 'உள்ளிருந்து' கேட்கும் கேள்வியும் பல நேரம் இன்னும் ஆழத்தில் கிடக்கும் ஒரு வரியைத்தான் கேட்கிறது. பிள்ளை யோசிக்க வேண்டியதில்லை, இன்னும் நான்கு பக்கம் கூடுதலாக உருப்போட்டால் போதும்.

ஏழைப் பிள்ளைக்கு எது பாதுகாப்பு?

இங்கே ஒரு நியாயமான அச்சம் உண்டு. வீட்டில் படித்தவர் யாரும் இல்லாத முதல் தலைமுறைப் பிள்ளைக்கு, கேள்வி இன்னதுதான் என்று தெரிந்த தேர்வு ஒரு பாதுகாப்பு. உழைத்து மனப்பாடம் செய்து மேலே வந்த லட்சக்கணக்கானவர்களை நாம் பார்த்திருக்கிறோம். தேர்வைக் கடினமாக்கினால் கோச்சிங் சென்டர்தான் கொழுக்கும் என்பதற்கு நீட் தேர்வே கண்முன் சாட்சி.

இந்த அச்சத்தைத் தள்ளிவிடக் கூடாது. ஆனால் அது காட்டும் வழி வேறு. சாப்பாட்டு நேரத்தில் அப்பா அம்மாவோடு செய்தியை விவாதிக்கும் வீட்டுப் பிள்ளைக்கு, வாதிடவும் சான்று கேட்கவும் வீடே கற்றுத்தந்துவிடுகிறது. அந்த வாய்ப்பு இல்லாத பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறு இடம் இல்லை. மனப்பாடத் தேர்வு அவளைக் கல்லூரி வாசல் வரை கொண்டுவந்து விடும். உள்ளே போனபின் அவளிடம் யாரும் புக் பேக் கேள்வி கேட்பதில்லை. தவிர, எச்சரிக்கையில்லாமல் திடீரென்று கேள்வித்தாளை மாற்றுவதுதான் ஏழைப் பிள்ளைக்கு ஆபத்து. ஆறாம் வகுப்பிலிருந்தே பழக்கி, படிப்படியாக மாற்றினால் அந்த ஆபத்து இல்லை.

நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பதும் உண்மை. குழு விவாதத்துக்கு நேரம் வேண்டும் என்றால் பாடச்சுமை குறைய வேண்டும், புள்ளிவிவரப் பதிவு வேலைகளிலிருந்து ஆசிரியருக்கு விடுதலை வேண்டும். இந்த இரண்டும் ஆசிரியர் கையில் இல்லை. அரசு செய்ய வேண்டியவை.

தொடங்க வேண்டிய இடம்

அரசுத் தேர்வுகள் இயக்ககம் ஒரு சிறிய அறிவிப்போடு தொடங்கலாம். ஒவ்வொரு பாடத்தின் பொதுத்தேர்விலும் இத்தனை மதிப்பெண்ணுக்குப் பாடநூலில் இல்லாத பத்தியோ படமோ அட்டவணையோ கொடுத்துக் கேள்வி கேட்கப்படும், அதில் முடிவுக்கு எவ்வளவோ அதே அளவு காரணத்துக்கும் மதிப்பெண் உண்டு என்று மூன்று ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு அந்தப் பங்கை உயர்த்தலாம். மாதிரி வினாக்களை எல்லாப் பள்ளிகளுக்கும் இலவசமாகத் தர வேண்டும். மாற்று விடையை எப்படித் திருத்துவது என்று விடைத்தாள் திருத்துபவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். விடைக்குறிப்பில் இருக்கும் சொல் விடைத்தாளில் இல்லை என்று மதிப்பெண் குறைக்கும் வழக்கம் இருக்கும் வரை எந்தப் பிள்ளையும் துணிந்து தன் சொல்லில் எழுதாது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை கேள்வித்தாளில் ஐம்பது விழுக்காட்டைத் திறன் சார்ந்த கேள்விகளுக்கு ஒதுக்கியிருக்கிறது. மாநில வாரியம் பின்தங்க வேண்டிய காரணம் ஏதும் இல்லை.

அட்டையும் பாயும் மனவரைபடமும் வந்தன, போயின. இனியும் புதிய பெயர்களில் திட்டங்கள் வரும். ஆனால் மார்ச் மாதம் வரும் அந்த ஒரு தாள் எதைக் கேட்கிறதோ, அதைத்தான் ஜூன் முதல் வகுப்பறை நடத்தும். பிள்ளைகள் சிந்திக்க வேண்டும் என்று அரசு மெய்யாகவே விரும்பினால், அடுத்த சீர்திருத்தம் கேள்வித்தாளில் தொடங்கட்டும்.